உயர்தர வயதில் உளவியல்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் எங்கே தொடங்கலாம்

உளவியல் படிக்க ஆசை என்று வருகிற பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, ஒருவரின் முகத்தைப் பார்த்தே அவர் மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு. மற்றது, மனநோய்களைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆர்வம். முதலாவதை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத்தருவதில்லை. இரண்டாவது இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியில் படியுங்கள் என்றுதான் சொல்வேன், காரணம் கீழே வரும். பதினாறு, பதினேழு வயதில் இந்தப் பாடத்தில் உண்மையில் கற்பது, மனிதரைப் பற்றி நாங்கள் சும்மா நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்கிற பழக்கத்தை. அது வந்துவிட்டால் மற்ற அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். வராவிட்டால் பெயர்களையும் ஆண்டுகளையும் பாடமாக்கி, பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுவீர்கள்.

பாடசாலையில் இதற்கென்று ஆசிரியர் இல்லாமல், வீட்டில் இருந்து தானாகப் படிக்கத் தொடங்குகிற பிள்ளையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், பாடம் எங்கே இருக்கிறது?

நம் நாட்டு உயர்தரத்தில் கலை, வர்த்தகம், விஞ்ஞானம், தொழினுட்பம் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் உளவியல் தனிப் பாடமாக இல்லை. 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பாடங்களில் சிறுவர் உளவியலும் பராமரிப்பும் என்று ஒன்று உண்டு, அது பிள்ளை பராமரிப்புத் தொழிலை நோக்கிப் போகிறது. முழுப் பாடமாக வேண்டுமென்றால் வெளியே பார்க்க வேண்டும். இந்தியாவின் சி.பி.எஸ்.இ. என்ற மத்திய கல்விச் சபையின் 11, 12ஆம் வகுப்புகளில் இருக்கிறது, கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானிய ஏ.எல். பாடத்திட்டங்களிலும் இருக்கிறது.

என் யோசனை, இந்திய அரசுக்காகப் பாடநூல் ஆக்கும் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தின் 11, 12ஆம் வகுப்பு உளவியல் பாடநூல்களை அடிப்படையாக வையுங்கள். அவர்களின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம், ஆங்கிலமும் கடினமில்லை. 11இல் ஆய்வு முறை, மனித விருத்தி, புலன்களும் கவனமும் புலக்காட்சியும், கற்றல், ஞாபகம், சிந்தனை, ஊக்கல், மனவெழுச்சி. 12இல் நுண்மதி, ஆளுமை, நெருக்கீட்டைச் சமாளித்தல், உளக்கோளாறுகள், சிகிச்சை முறைகள், மனப்பாங்கு, குழுவின் செல்வாக்கு. கேம்பிரிட்ஜ் இதே பரப்பை வேறு மாதிரிப் பிடிக்கிறது: உயிரியல், அறிகை, கற்றல், சமூகம் என்று நான்கு அணுகுமுறைகள், அவற்றுக்குள் 12 ஆய்வுகள், ஒவ்வோர் ஆய்வையும் யாரை எடுத்தார்கள், என்ன செய்தார்கள், எங்கே பலவீனம் என்று குடைந்து படிக்க வேண்டும். பாடநூலை வாசிக்கும்போது இந்த ஆய்வுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்திருந்தால் நல்லது, ஏனென்றால் பாடநூல் முடிவைச் சொல்லும், ஆய்வுதான் அந்த முடிவு எப்படி வந்தது என்று காட்டும்.

ஏற்கெனவே கையில் இருப்பதையும் பாருங்கள். கலைப் பிரிவில் அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்த பிள்ளைக்கு ஆய்வு முறையில் பாதி தெரிந்ததுதான். உயிரியல் படிக்கிறவருக்கு நரம்புத்தொகுதி புதிதில்லை. தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியில் படித்த அக்கா, அண்ணா யாராவது சொந்தத்தில் இருந்தால் அவர்களின் கல்வி உளவியல் கொப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். பியாஜே, பாவ்லோவ், ஸ்கின்னர், மாஸ்லோ என்று இந்தப் பாடத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் அதற்குள் தமிழிலேயே இருக்கும். கலைச்சொல்லுக்கென்று ஒரு சின்னக் கொப்பியும் போடுங்கள், தமிழ்நாட்டுப் புத்தகமும் எங்கள் புத்தகமும் ஒரே விஷயத்துக்குப் பல இடங்களில் வேறு சொல் பாவிக்கும்.

முதல் மாதம் ஆய்வு முறை மட்டும்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள்.

"ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்குத்தான் நல்ல பெறுபேறு வருகுது." கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ செங்கலடியிலோ பெற்றோரிடம் கேட்டுப்பாருங்கள், பலர் இதைச் சொல்வார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த வசனத்தை எழுதிவிட்டு அதைக் கழற்றத் தொடங்குங்கள். நல்ல பெறுபேறு என்றால் எது? மூன்று பாடமும் சித்தியா, மூன்று ஏ-யா, பல்கலைக்கழகம் கிடைப்பதா? ரியூசன் என்றால் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்? அளக்கக்கூடிய மாதிரி எழுதாத வரைக்கும் அந்த வசனத்தைச் சரி என்றும் சொல்ல ஏலாது, பிழை என்றும் சொல்ல ஏலாது. சரி, அளந்தாயிற்று, ரியூசன் கூடக் கூடப் பெறுபேறும் கூடுகிறது என்றே வைப்போம். அது இணைபு மட்டும்தான், அதாவது இரண்டும் சேர்ந்து மாறுகின்றன என்பது மட்டும். ரியூசனுக்கு அனுப்பக் காசு உள்ள வீட்டில் படிக்க மேசை இருக்கும், இரவில் வெளிச்சம் இருக்கும், படித்த அம்மா இருக்கலாம், வயல் வேலைக்கோ கடை வேலைக்கோ பிள்ளை போக வேண்டியிராது. பெறுபேற்றை உயர்த்தியது இவற்றில் எது?

காரணம் என்று சொல்ல வேண்டுமென்றால் பரிசோதனை வேண்டும். 40 பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பாதிப்பேரை ரியூசனுக்கு அனுப்பி, மற்றப் பாதியை அனுப்பாமல் விட வேண்டும். குலுக்கல் எதற்கு என்றால் காசு, அம்மாவின் படிப்பு, வீட்டின் தூரம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவதற்கு. இங்கே நாங்கள் மாற்றுகிற ரியூசன் சாரா மாறி, அதனால் மாறுகிறதா என்று அளக்கிற பெறுபேறு சார்ந்த மாறி, குலுக்கியது எழுமாற்று ஒதுக்கீடு. ஆனால் ஒரு பிள்ளையின் ரியூசனை எங்கள் ஆய்வுக்காக நிறுத்த முடியுமா? முடியாது. அதனால்தான் உளவியலில் பல முக்கியமான கேள்விகள் இணைபோடு நின்றுவிடுகின்றன. இந்த ஒரு உதாரணத்தைப் பிசகில்லாமல் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தால் முறையியலின் பெரும்பகுதி உங்களிடம் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம், ஒழுக்க விதிகள். பங்குபற்றுகிறவரின் சம்மதம், நடுவில் விலகும் உரிமை, தீங்கு செய்யாமை, இரகசியம் பேணல், முடிவில் உண்மையை விளக்கிச் சொல்லல் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எங்கள் இரண்டு மாவட்டப் பிள்ளைகளுக்கு நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை: யுத்தம், காணாமற்போனவர்கள், 2004 சுனாமி இழப்பு, இவற்றைப் பற்றி யாரிடமும் வினாக்கொத்துக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து வீட்டு மாமியிடம் "உங்களுக்கு இப்பவும் அந்த ஞாபகம் வருதா" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்ட பிறகு அவர் நிலைகுலைந்தால் உங்களிடம் தாங்கிப் பிடிக்கப் பயிற்சியும் இல்லை, அனுப்பி வைக்க ஆளும் இல்லை. முறையான ஆய்வாளர்கள் ஒழுக்கக் குழுவின் அனுமதி எடுத்து, உதவிக்கு ஆளை ஒழுங்குசெய்துவிட்டுத்தான் கேட்பார்கள். உங்கள் பயிற்சிக்குச் சொல் பட்டியலும் வர்ணப் பேனையும் போதும்.

அடுத்து ஞாபகம், ஏனென்றால் அது உடனே உங்களுக்கே உதவும்

பாடநூல் வரிசையில் ஞாபகம் பின்னால் வரும். பரவாயில்லை, முன்னுக்கு இழுங்கள்.

15 சாதாரணச் சொற்களை எழுதுங்கள்: தோணி, வெங்காயம், சாவி, குடை இந்த மாதிரி, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல். பத்துப் பேருக்காவது, தனித்தனியாக, இரண்டு செக்கனுக்கு ஒரு சொல் வீதம் வாசித்துவிட்டு, முடிந்த உடனே ஞாபகம் உள்ளதை எந்த ஒழுங்கிலும் எழுதச் சொல்லுங்கள். மறுகா ஒவ்வோர் இடத்துச் சொல்லையும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணி வரைபு கீறுங்கள். அநேகமாக ஆரம்பச் சொற்களும் கடைசிச் சொற்களும் உயரத்தில் நிற்கும், நடுவில் பள்ளம் விழும். இனி வேறு பத்துப் பேருக்கு அதே பட்டியலை வாசித்து, எழுத விடுவதற்கு முன் 30 செக்கன் 300இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ண வையுங்கள். கடைசிச் சொற்களின் உயரம் இறங்கிவிடும், ஆரம்பச் சொற்கள் பெரிதாக மாறா. 1966இல் கிளான்சரும் குனிட்சும் காட்டியது இதைத்தான். கடைசிச் சொற்கள் குறுங்கால ஞாபகத்தில் தற்காலிகமாக இருந்தவை, எண்ணத் தொடங்கியதும் அவை வெளியேறிவிட்டன. குறுங்காலம், நெடுங்காலம் என்று இரண்டு ஞாபகங்களைப் பிரிப்பதற்கு ஒரு காரணம் இப்போது உங்கள் கொப்பியிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் எபிங்ஹவுஸ் 1885இல் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன் மறதியையே அளந்தது, ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கக்கூடியவை ஏழுக்குக் கூடக் குறைய இரண்டு என்று மில்லர் 1956இல் சொன்னது எல்லாம் வெறும் பெயராக இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரோடிகர், கார்ப்பிக் 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பந்தியை மாணவர்கள் படித்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகம் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ்: மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 வீதம் ஞாபகம், திரும்ப வாசித்தவர்களுக்கு 42 வீதம். இரவிரவாக ஒரே குறிப்பைப் பத்துத் தரம் வாசிக்கிற பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது, வாசிக்கும்போது தெரிந்த மாதிரியே இருப்பதால் படித்தாயிற்று என்று நம்பிவிடுகிறார்கள். கொப்பியை மூடி, வெறும் தாளில் எழுதிப் பாருங்கள், எல்லாப் பாடத்துக்கும்.

லொஃப்டஸ், பால்மர் 1974 ஆய்வும் கட்டாயம். 45 மாணவர்களுக்கு வாகன விபத்துத் திரைப்படத் துண்டுகள் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் மாறியது. நொறுங்க மோதியபோது என்று கேட்டால் சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், தொட்டபோது என்று கேட்டால் 31.8 மைல். இதைச் செய்து பார்க்க விரும்பினால் யாரும் காயப்படாத ஒரு சின்ன வீடியோவைத் தேடி எடுத்து, "இடித்தபோது", "தட்டியபோது" என்று இரண்டு வினாத்தாள் தயாரியுங்கள்.

கவனமும் புலக்காட்சியும்

சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்ற சொற்களைக் கலந்து 20 இடத்தில் எழுதுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் வேறு நிறப் பேனையால்: சிவப்பு என்ற சொல் பச்சை மையில், இந்த மாதிரி. இன்னொரு தாளில் அதே நிறங்களில் வெறும் கட்டங்கள். இரண்டு தாளிலும் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லி போனில் நேரம் எடுங்கள். பாதிப்பேர் சொற்தாளை முதலில் செய்யட்டும், மற்றவர்கள் கட்டத்தாளை முதலில், இல்லாவிட்டால் களைப்போ பழக்கமோ முடிவைக் கெடுத்துவிடும். சொற்தாளுக்கு நேரம் தெளிவாகக் கூடும். 1935இல் ஸ்ட்ரூப் கண்டது இது. எங்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: அம்பாறை நகரப் பக்கம் தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்கள நண்பர் இருந்தால் அவருக்கும் அதே தாளைக் கொடுங்கள், அவர் நிறத்தைத் தடையில்லாமல் சொல்லிக்கொண்டு போவார். சிங்களத்தில் எழுதிய தாளை நீங்கள் செய்யுங்கள், அது வாசிக்கத் தெரியாவிட்டால் உங்களுக்கும் அப்படித்தான். வாசிக்கப் பழகிய மூளை வாசிக்காமல் இருக்க முடியாமல் தவிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

புலக்காட்சியில் எதிர்பார்ப்பின் பங்கு என்று ஒரு பகுதி வரும். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் போகிறவருக்கு இசை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் என்ன கேட்கிறது, ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன கேட்கிறது? தெளிவில்லாத நீர்ச்சத்தம் ஒன்றைப் பதிந்து, வகுப்பைக் குலுக்கல் முறையில் இரண்டாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் பாடும் மீன் என்று சொல்லிப் போட்டுப் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும் எழுதுங்கள். எதிர்பார்த்தது வராத முடிவும் முடிவுதான்.

கற்றல்

பாண் ஓட்டோவின் மெட்டு ஒழுங்கை முனையில் கேட்டாலே பசிக்கிறதல்லவா, பாவ்லோவ் அங்கேதான் இருக்கிறார். சூடான பாணின் மணம் நிபந்தனையற்ற தூண்டி, வாயூறல் நிபந்தனையற்ற துலங்கல், மெட்டு முதலில் நடுநிலைத் தூண்டி, பல நாள் பாணோடு சேர்ந்து வந்த பிறகு மெட்டு மட்டும் போதும்: அப்போது மெட்டு நிபந்தனைத் தூண்டி, அதற்கு வருகிற வாயூறல் நிபந்தனைத் துலங்கல். மெட்டு தினமும் வந்து பாண் இல்லாமல் போனால் சில வாரத்தில் அந்தத் துலங்கல் மங்கிவிடும், அது அழிதல். இப்படி ஒன்றை நீங்களே உங்கள் வீட்டுச் சுற்றாடலில் தேடி, இந்த ஆறு சொல்லையும் பொருத்தி எழுதுங்கள்.

விளைவைப் பொறுத்து நடத்தை கூடும் அல்லது குறையும் என்று சொல்கிற ஸ்கின்னர் பகுதியில் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பிழை விடுகிற இடம் எதிர் மீளவலியுறுத்தலும் தண்டனையும். பொலிஸ் மறிக்காமல் இருக்க ஹெல்மெட் போடுகிறோம், போடும் நடத்தை கூடுகிறது, விரும்பாத ஒன்று விலகுவதால் கூடுகிறது, ஆகவே இது எதிர் மீளவலியுறுத்தல். நடத்தை குறைந்தால்தான் தண்டனை. கூடுகிறதா குறைகிறதா என்று முதலில் பாருங்கள், பெயரை அப்புறம் வையுங்கள்.

அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த அத்தியாயத்தில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். வயற்காரர் யானை வெடி போடுகிறார்கள், முதலில் யானை ஓடுகிறது, வெடியால் ஒன்றும் ஆவதில்லை என்று கண்ட யானை காலப்போக்கில் நின்று பார்க்கத் தொடங்குகிறது. இது பழக்கப்படல், கற்றலின் மிக எளிய வடிவம். கேம்பிரிட்ஜ் பட்டியலிலேயே ஒரு யானை ஆய்வு இருக்கிறது. ஃபேகனும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்டது, நேபாளத்தில் நடந்தது. காசநோய்ப் பரிசோதனைக்காகத் தும்பிக்கையில் நீர் ஏற்றி வெளியே விட யானைக்குப் பழக்க வேண்டும். அடி, அங்குசம் எதுவும் இல்லாமல், சரியாகச் செய்தால் விசில், விசிலோடு வாழைப்பழத் துண்டு. ஐந்து யானைகளில் நான்கு இளையவை முழுவதையும் கற்றுக்கொண்டன, வயது முதிர்ந்த ஒன்று முடிக்கவில்லை. ஐந்தே யானைதான், வேறு நாட்டு வளர்ப்பு யானை, காட்டு யானைக்கு இதைப் பொருத்தலாமா? இந்தக் கேள்வியை நீங்களாகக் கேட்டால் மதிப்பீடு எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

பண்டூராவின் 1961 பொம்மைப் பரிசோதனையும் இதே அத்தியாயம்தான். 72 பிள்ளைகள், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்தவர்கள் தாங்களும் அடித்தார்கள். பொம்மையை அடிப்பதும் இன்னொரு பிள்ளையை அடிப்பதும் ஒன்றா என்று யோசியுங்கள்.

பிள்ளை விருத்தி

வீட்டில் நாலைந்து வயதில் ஒரு மருமகனோ மருமகளோ இருந்தால் பியாஜேயை அரை மணித்தியாலத்தில் கண்ணால் பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு தேநீர்க் கிளாசில் சம அளவு தண்ணீர், பிள்ளையே சமம் என்று சொன்ன பிறகு ஒன்றை ஒடுங்கிய உயரமான போத்தலில் ஊற்றிவிட்டு எதில் கூட என்று கேளுங்கள். ஏழு வயதுக்குக் கீழே பலர் உயரமானதைக் காட்டுவார்கள். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது அந்த வயதில் இன்னும் விளங்கவில்லை என்றார் பியாஜே. ஆனால் ஒரே கேள்வியைப் பெரியவர் இரண்டாம் தரம் கேட்டால் முதல் பதில் பிழை போல என்று பிள்ளை மாற்றிச் சொல்லலாம் என்று பின்னால் வந்தவர்கள் எதிர்த்தார்கள். ரோஸ், பிளாங்க் 1974இல் ஒரே ஒரு தரம் மட்டும் கேட்டபோது அதிகமான பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் பெரியவர் திரும்பக் கேட்டால் பதில் பிழை என்றுதானே அர்த்தம், ஆகவே இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள்.

பற்று, அதாவது குழந்தைக்குத் தன்னை வளர்ப்பவரோடு உள்ள பிணைப்பு, பற்றிய பகுதியில் பெரும்பாலும் தாயும் பிள்ளையும்தான் வருவார்கள். மட்டக்களப்பு வழக்கத்தில் பெண் கலியாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டு வளவிலேயே இருப்பதால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா கையில்தான் பல பிள்ளைகள் வளர்கின்றன. அந்தக் கோட்பாடுகள் எந்த மாதிரிக் குடும்பங்களைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதைப் பரீட்சையிலும் எழுதலாம்.

நுண்மதியும் ஆளுமையும் வேகமாகப் போகலாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பினே 1905இல் பரிஸில் தன் சோதனையை ஆக்கியது மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் புள்ளியை வைத்துப் பத்து வயதுப் பிள்ளையை மொக்கு என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சமூக உளவியல், இங்கே நின்று படியுங்கள்

எங்களுக்கு மிக நெருக்கமான அத்தியாயம் இதுதான் என்பது என் எண்ணம். ஆஷின் கோட்டுப் பரிசோதனை (கோட்டின் நீளத்தைக் கூட்டம் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லும்போது ஒருவர் என்ன சொல்கிறார் என்று பார்த்தது), மில்கிரமின் கீழ்ப்படிவு ஆய்வு இரண்டும் பெயர்பெற்றவை. மில்கிரம் 1963இல் வெளியிட்டதில் 40 ஆண்களில் 26 பேர், மற்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டே 450 வோல்ட் வரை போனார்கள், உண்மையில் அந்த மற்றவருக்கு மின்சாரம் பாயவில்லை. ஆஷில் பலர் மறக்கிற பாதி: நாலில் ஒருவர் ஒரு தரம்கூடக் கூட்டத்தோடு போகவில்லை, ஒரே ஒரு துணை கிடைத்தாலே மற்றவர்களும் பெரும்பாலும் தங்கள் கண்ணை நம்பிச் சொன்னார்கள்.

ஷெரிஃப் 1954இல் ஒக்லஹோமாவில் ஒரு முகாமில் 22 பையன்களை இரண்டு குழுவாக்கிப் போட்டிகள் வைத்தார். சில நாளிலேயே கொடி எரிப்பு, திட்டு, கைகலப்பு. ஒன்றாகச் சாப்பிட வைத்தும், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தும் பகை தணியவில்லை. முகாமின் தண்ணீர் நின்றபோது, லொறி பழுதானபோது, இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் தீரும் என்ற வேலைகள் அடுத்தடுத்து வந்தபோதுதான் மெதுவாகத் தணிந்தது. அதே 1954இல் ஆல்போர்ட், சும்மா தொடர்பு போதாது என்று நான்கு நிபந்தனை சொன்னார்: சம அந்தஸ்து, பொது நோக்கம், ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவு. பின்னால் டஜ்ஃபெல் அற்பக் காரணத்துக்காகக் குழு பிரித்தாலே தன் குழுவுக்குக் கூடக் கொடுக்கிறார்கள் என்று காட்டினார்.

இனி எங்கள் கரையோரத்தை நினையுங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பஸ்ஸில் போனால் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் மாறிமாறி வரும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் சொல்வார்கள். அடுத்தடுத்து வாழ்ந்தும் ஏன் கலவரம் வந்தது என்பதற்கு அந்தப் பழமொழியிடம் பதில் இல்லை, ஆல்போர்ட்டிடம் ஒரு பகுதி இருக்கிறது: சந்தையில் வாங்குவதும் விற்பதும் தொடர்புதான், ஆனால் பொது நோக்கமும் ஒத்துழைப்பும் அதற்குள் எவ்வளவு? சுனாமி வந்த முதல் நாட்களில் யார் எவர் என்று பாராமல் சோறும் உடுப்பும் கொடுத்ததை வீட்டில் பெரியவர்கள் தாங்களாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள், பின்னால் நிவாரணப் பங்கீட்டில் மனத்தாங்கல் வந்ததையும் கேட்டிருப்பீர்கள். முன்னதைப் பொது நோக்கத்தோடும் பின்னதை வளத்துக்கான போட்டியோடும் பொருத்தி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், பிறகு பொருந்தாத இடங்களையும் எழுதுங்கள், ஏனென்றால் முகாமுக்கு வந்த பையன்களுக்கு முப்பது வருட யுத்தம் பின்னால் இருக்கவில்லை.

செய்முறைக்கு ஒன்று: கலந்து படிக்கிற வகுப்பு இருந்தால் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பெயர் எழுதாமல் கட்டங்களாக ஒரு மாதம் குறியுங்கள். குழுவேலை கொடுத்த நாளுக்கும் கொடுக்காத நாளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

உளக்கோளாறுகள், இப்போது

ஏன் கடைசியில் என்றால், முறை தெரியாமல் இந்த அத்தியாயத்துக்குள் போகிற பிள்ளை அறிகுறிப் பட்டியலை வாசித்து முதலில் தனக்கு, பிறகு தங்கச்சிக்கு, பிறகு வகுப்பில் அமைதியாக இருக்கிற ஒருவருக்கு என்று பெயர் சூட்டத் தொடங்கிவிடும். உதாரணத்துக்கு, பெரும் மனச்சோர்வு என்று டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கோளாறு வகைப்பாட்டு நூல்) சொல்வதற்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும், வேறு காரணங்கள் விலக்கப்பட வேண்டும். அதையும் பயிற்சி பெற்றவர்தான் முடிவு செய்வார்.

அசாதாரணம் என்றால் என்ன என்ற கேள்வியில்தான் அத்தியாயம் தொடங்கும். சமூக வழக்கிலிருந்து விலகுவது என்ற அளவுகோலை மட்டும் எடுத்தால் சிக்கல் வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வமாடுகிற பெண்ணை வெளியூர்க்காரர் பார்த்தால் நோய் என்று நினைக்கலாம், ஊருக்கு அது வழிபாடு, சடங்கு முடிய அவர் வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். பண்பாடு ஏற்கிற இப்படியான நிலையைக் கோளாறாகக் கொள்வதில்லை என்று டி.எஸ்.எம். சொல்கிறது. துன்பம், செயற்பாடு குலைதல், ஆபத்து ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

மனவடுவுக்குப் பின்னான நெருக்கீட்டுக் கோளாறு 1980இல்தான் டி.எஸ்.எம்.-3இல் சேர்ந்தது. பேரிடர் நடந்த உடனே எல்லாரையும் இருத்தி நடந்ததைக் கதைக்க வைப்பது உதவும் என்ற நம்பிக்கை பின்னால் ஆய்வுகளில் நிற்கவில்லை, சிலருக்குத் தீங்குகூட ஆகலாம் என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி அதனால்தான் பார், கேள், இணை என்று மூன்று செயலோடு நிற்கிறது: பாதுகாப்பும் உடனடித் தேவையும் என்ன என்று பார்ப்பது, வற்புறுத்தாமல் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது.

நண்பர் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரிக் கதைத்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் இந்த மூன்றுதான். தனியே விடாமல் கூட இருங்கள், உபதேசம் வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் உண்டு.

பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு

விவரிப்பதும் மதிப்பிடுவதும் வேறு வேறு என்பதை வினாவிலேயே பாருங்கள். மதிப்பிடு என்று கேட்ட இடத்தில் ஆய்வின் கதையைத் திரும்பச் சொன்னால் புள்ளி வராது. மாதிரி சிறியது என்று மட்டும் எழுதினாலும் வராது, எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள், அதனால் எந்த முடிவை யாருக்குப் பொருத்த முடியாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு அட்டை: நோக்கம், பங்குபற்றியவர்கள், செய்முறை, எண்ணோடு ஒரு முடிவு, ஒரு பலம், ஒரு பலவீனம், ஓர் ஒழுக்கப் பிரச்சினை. பின்பக்கத்தில் ஆய்வின் பெயர் மட்டும். பெயரைப் பார்த்து முன்பக்கத்தை எழுத முடிகிற அட்டையை ஒரு பெட்டியிலும் முடியாததை இன்னொரு பெட்டியிலும் போட்டு, இரண்டாவதை நாளும், முதலாவதை வாரத்துக்கு ஒரு தரமும் எடுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கடந்த வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதத் தொடங்குங்கள், புள்ளியிடும் திட்டத்தை எழுதி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும்.